எண்ண நேரம் போதாத காலம்

அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரு காகித வரைபடமும் ஆளுக்கொரு டேப் ரெக்கார்டரும்தான். கிழக்கு ஆஸ்திரேலியாவின் நீர்ப்பறவைகளை விமானத்திலிருந்து எண்ணும் பணி 1983-இல் தொடங்கியது. ஒவ்வோர் அக்டோபரிலும் 30 கிலோமீட்டர் அகலமுள்ள 10 பட்டைகளில், ஏரி குளம் சதுப்பு என்று எதையும் விடாமல், சிறிய செஸ்னா விமானம் 40 மீட்டர் உயரத்தை ஒட்டிப் பறக்கும். பைலட்டுக்குப் பக்கத்தில் ஒருவர். இடதுபுறப் பின்சீட்டில் நான்.

அந்த உயரத்தில் ஒரு குளம் கண்ணில் நிற்பது சில நொடிதான். 10 பறவை எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதையே அளவாக வைத்து நூறு, ஐந்நூறு என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். கருப்பு அன்னம் இறக்கையை விரித்தால் ஓரத்து வெள்ளை பளிச்சென்று தெரியும். நாமக்கோழி லேசில் எழும்பாது, தண்ணீர்மேல் தடதடவென்று ஓடும். சின்ன உள்ளான்களை அந்த வேகத்தில் இனம் பிரிக்க முடியாது, மொத்தமாகத்தான் சேர்ப்போம். "கிளுவை ஐந்நூறு, அன்னம் நாற்பது" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். இரவு தங்கும் விடுதியில் கேசட்டை ஓட்டி ஓட்டி நிறுத்தி, எஞ்சின் இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் எங்கள் குரலைத் தேடி எழுதுவோம்.

இன்றைக்கு எந்தக் குளத்தின்மேல் இருக்கிறோம் என்பதை ஜிபிஎஸ் சொல்கிறது. குரல் சுத்தமாகப் பதிவாகிறது. கூடு கட்டும் இடங்களை ட்ரோன் படமெடுத்துத் தருகிறது. எண்ணுவதற்குத்தான் ஆளில்லை, பறவையைச் சொல்கிறேன். மரம்பிட்ஜி ஆற்றின் கீழ்ப்பகுதி வெள்ளச் சமவெளியில் 1983-86-இல் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 1,40,000 பறவைகள். 1998-2001-இல் அது 14,000 சொச்சம். ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் கிங்ஸ்ஃபோர்டும் அவருடைய சகாவும் வெளியிட்ட கணக்கு இது. வறட்சி வரும், போகும். அதைத் தாங்கப் பழகிய பறவைகள்தான் இவை. ஆற்றின் மேல்பகுதியில் கட்டிய அணைகளும், பாசனத்துக்குத் திருப்பிய தண்ணீரும், சமவெளியை மறித்த கரைகளும்தான் அவற்றை ஒழித்தன.

வாத்து வேட்டைக்கு எவ்வளவு அனுமதிக்கலாம் என்று தீர்மானிக்கவும் உதவிய கணக்கு, கடைசியில் அணைகளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வருடம் தவறாமல் அதே பட்டையில், அதே மாதத்தில், அதே உயரத்தில் பறந்ததால்தான் அந்தச் சாட்சியத்துக்குப் பலம். கருவிகள் எவ்வளவு மாறினாலும் இந்த முறையை மட்டும் மாற்றக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

இப்போது சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கிய தண்ணீரைச் சதுப்புகளுக்குத் திறந்துவிடுகிறார்கள். அரிவாள் மூக்கன்கள் கூட்டமாக வந்து கூடு கட்டுகின்றன. குஞ்சு பறக்கும்வரை கூட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்க வேண்டும். சட்டென்று வடிந்தால் தாய்ப்பறவை முட்டையையும் குஞ்சையும் விட்டுப் போய்விடும். கைவசம் இருக்கிற பணத்தில் எனக்கு இன்னொரு புதுக் கேமரா வேண்டாம். அந்தத் தண்ணீரை இன்னும் சில வாரம் நிறுத்திவையுங்கள்.