துணைநிரல் அறிவிப்பும் சிறப்புப்பாயிர மரபும்: சித்தூர்க் களத்திலிருந்து ஓர் ஆய்வு

கட்டற்ற மென்பொருள் உலகில் ஒரு துணைநிரல் பிறக்கும்போது உண்மையில் இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. ஒன்று துணைநிரல், மற்றது அதன் அறிவிப்பு. முதல் பிள்ளையைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியாகிவிட்டது. இரண்டாவதை எந்தப் பல்கலைக்கழகமும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நாற்பது வரி நிரலுக்கு நானூறு வரி அறிவிப்பு எழுதும் வழக்கம் நிலைபெற்றுவிட்ட பிறகும் இந்த மௌனம் நீடிப்பது ஆய்வுலகுக்கு இழுக்கு. அவ்விழுக்கைத் துடைக்க எழுந்ததே இக்கட்டுரை.

பெங்களூரு இருக்க, ஆய்வுக்களம் ஏன் பாலக்காட்டுச் சித்தூர் என்று வினவுவார் உளர். அவர்க்கு விடை: சித்தூரே ஒரு துணைநிரல். கொச்சி அரசின் தாலுகாவாக இருந்த காலத்தில் அது கொச்சியின் உடலோடு ஒட்டியிருக்கவில்லை. நடுவில் பிரிட்டிஷ் மலபார் கிடந்தது, கிழக்கே கோயம்புத்தூர் மாவட்டம். மூல அரசு ஓரிடம், அதன் நீட்சி வேறோரிடம். 1949இல் மூலமே திருவிதாங்கூர்-கொச்சி என மாறியது. 1956 நவம்பர் 1இல் கேரளமாயிற்று. 1957 ஜனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் உருவானது. இத்தனை பதிப்பு மாற்றத்துக்குப் பிறகும் சித்தூர் மறுநிறுவல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகளுக்கு இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இன்னொரு காரணமும் உண்டு. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸில் நீட்டுவது மலையாள விண்ணப்பம், கணினியைத் திறந்தால் ஆங்கிலம். மூன்று எழுத்தையும் ஒரே விசைப்பலகையில் ஏற்ற வேண்டிய ஊருக்குத் துணைநிரலின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோட்பாட்டுக்கு வருவோம். வெளிநாட்டு அறிஞர்களிடம் கைநீட்டும் அவசியம் இங்கே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் முழுச் சட்டத்தையும் வகுத்துவிட்டார். கொங்கன் படையெடுத்து வந்து பகவதியிடம் தோற்றதைச் சித்தூர்க்காரர்கள் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் நடித்துக் காட்டி மகிழ்வது உண்மையே. எனினும் அதே கொங்கு நாட்டுக்காரர் எனச் சொல்லப்படும் பவணந்தியின் நூல் பாலக்காட்டுக் கணவாய் வழியே தடையின்றி வந்து சேர்ந்துவிட்டது. அவர் கூறும் சிறப்புப்பாயிரம் எட்டுப் பொருள் கொண்டது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களன், காரணம் என மூன்றைச் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. பாயிரம் இல்லாதது நூலே அன்று என்பது அவர் முடிவு. அறிவிப்பு இல்லாத துணைநிரலை எவரும் இன்ஸ்டால் செய்வதில்லை என்பதும் அதுவே.

ஆக்கியோன் பெயர் குறித்து அதிகம் சொல்ல வேண்டாம். எழுதியவர் பெயர் முதலிலும் முடிவிலும் இடையிலும் வரும். ஆனால் ஒரு சான்று தவிர்க்க முடியாதது. ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளிவந்ததை 2004 டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரமாக அறிவித்தார்கள். அதற்குச் சந்தா கொடுத்த ஏறத்தாழ 10,000 பேரின் பெயர்கள் பொடி எழுத்தில் அச்சாகின. மென்பொருள் இலவசம், அறிவிப்புக்குத்தான் காசு. நம் துறையின் மூலச் சமன்பாடு இதுவே.

வழி என்பது இந்நூல் எதன் வழிவந்தது என்பது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பகுப்பை இன்றைய இளைஞர்கள் ஃபோர்க் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள். இலக்கணத்துக்குச் சவாலாக அமைந்த நிகழ்வு ஒன்று உண்டு. விளம்பரத் தடுப்பானான யூபிளாக்கை எழுதிய ரேமண்ட் ஹில், 2015இல் அதை இன்னொருவர் கையில் கொடுத்தார். கொடுத்த கையோடு தாமே அதிலிருந்து பிரித்து யூபிளாக் ஆரிஜின் என்று தொடர்ந்தார். முதல்நூலாசிரியனே தன் நூலுக்கு வழிநூல் செய்தான். பிறகு உலகம் வழிநூலை வைத்துக்கொண்டு முதல்நூலை மறந்தது. பவணந்தி இதற்கு விதி செய்யவில்லை. செய்திருந்தால் எந்த உரையாசிரியரும் நம்பியிருக்க மாட்டார்.

நூற்பெயரில் நம் பக்கத்தார் குறைவைக்கவில்லை. விண்டோஸில் தமிழ் தட்ட வந்த கருவிக்கு எ-கலப்பை என்று பெயர். விக்கிப்பீடியாக்களில் 2011இல் புழக்கத்துக்கு வந்த, மலையாள விக்கிப் பங்களிப்பாளர் ஒருவர் தொடங்கிய உள்ளீட்டு நீட்சிக்கு நாராயம் என்று பெயர். மலையாளத்தில் எழுத்தாணியைக் குறிப்பது. ஒரு மொழிக்காரர் உழக் கிளம்பினார், மற்ற மொழிக்காரர் ஓலையில் கீறக் கிளம்பினார். நாராயத்தின் வேலையை 2013 வாக்கில் யுனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர் எடுத்துக்கொண்டது. வசதியில் அது மேல் என்பதில் ஐயமில்லை. பெயரில் அரசாங்கச் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது என்பதிலும் ஐயமில்லை.

இனி யாப்பு. செய்யுள் யாப்பு என்று மயங்கற்க. இந்நூலை எந்நூலுக்குப் பின் கேட்க வேண்டும் என்ற இயைபே இங்கு யாப்பு. அதாவது இது ஓட வேண்டுமானால் முதலில் எது ஓட வேண்டும் என்பது. திறமூலக்காரர்கள் இதை மேல்மடை, கீழ்மடை என்று ஆற்று மொழியில் பேசுகிறார்கள். மேலே ஒருவர் நிரலைத் திறந்துவிட்டால் கீழே உள்ளவர் பாய்ச்சிக்கொள்ளலாம். மென்பொருள் நிறுவனங்களில் இதைப் புதியவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறார்கள். சித்தூர் விவசாயிக்குப் படம் வேண்டாம். தமிழ்நாட்டோடு கேரளம் செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 முதல் நடப்பில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. முதலில் நடைமுறை, பிறகு ஆவணம். இதுவும் திறமூல மரபே. அதன்படி கேரளத்துக்காக மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வந்து சேர வேண்டும். அணைகள் தமிழ்நாட்டின் பொறுப்பில், வயல் இங்கே. மேல்மடையில் பராமரிப்பாளர் மனம் மாறினால் கீழ்மடையில் என்ன ஆகும் என்று இவ்வூரார் காலங்காலமாக அறிவார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு அதை 2016 மார்ச்சில்தான் அறிந்தது. எழுத்துக்கு இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரலை, பெயர்த் தகராறு ஒன்றில் மனம் கசந்த ஆசிரியர், தம் மற்ற நிரல்களோடு சேர்த்து என்பிஎம் களஞ்சியத்திலிருந்து உருவிக்கொண்டார். அதைத் தொட்டுக்கொண்டு நின்ற பெரிய பெரிய திட்டங்கள் எல்லாம் வறண்டு நின்றன. அந்தப் பதினோரு வரிக்கு எவரும் விழா எடுத்ததில்லை. பிடுங்கியது மட்டும் உலகச் செய்தியாயிற்று.

எல்லை என்பது பழங்காலத்தில் நூல் வழங்கும் நிலம். இக்காலத்தில் துணைநிரல் எந்த வெர்ஷன் முதல் எந்த வெர்ஷன் வரை ஓடும் என்பது. நிலத்தின் எல்லை வேங்கடத்திலும் குமரியிலும் அசையாமல் நின்றது, வெர்ஷனின் எல்லை நிற்பதில்லை. 2017 நவம்பர் 14இல் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தது. அன்றோடு பழைய முறையில் எழுதிய நீட்சிகள் அத்தனையும் செல்லாக்காசாயின. உலாவிக்குள்ளேயே தமிழ் தட்ட உதவிய தமிழ்விசை போன்றவை எழுந்த அந்தப் பழைய யுகம் அத்துடன் முடிந்தது. மோசில்லாவின் அறிவிப்பு வேகத்தையும் பாதுகாப்பையும் புகழ்ந்தது, அதில் நியாயமும் இருந்தது. புதிய வீட்டுக்குக் குடிபோகையில் பழைய வாடகைதாரர்கள் தெருவில் நிற்பதை மங்கள வாத்தியத்தோடு அறிவிப்பதில்தான் நமக்குச் சிறு மனத்தாங்கல்.

காலத்துக்கு வேறு சான்று உண்டு. 2019 மே 4 அன்று, நீட்சிகளுக்குக் கையொப்பமிடப் பயன்பட்ட இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. காலாவதித் தேதியை ஃபயர்ஃபாக்ஸ் கண்டுகொள்ளாது என்று பொறுப்பாளர்கள் தவறாக நம்பியிருந்தார்கள். உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் துணைநிரல்கள் அடுத்தடுத்து உறங்கின. அமெரிக்காவில் அது வெள்ளிக்கிழமை மாலை, பொறியாளர்கள் வீடு திரும்பும் நேரம். மே 5 அன்று அதைச் சரிசெய்ய ஃபயர்ஃபாக்ஸ் 66.0.4 வெளிவந்தது. முன்கூட்டிய அறிவிப்பு இன்றி நிகழ்ந்த ஒரே உலகளாவிய வெளியீடு என்று இதை நாம் வகைப்படுத்துகிறோம்.

நுதலிய பொருள், களன், காரணம் மூன்றையும் ஒரே வரியில் கடக்கலாம். நுதலிய பொருளாக அறிவிப்பில் வருவது ‘சில பிழைகள் நீக்கப்பட்டன, செயல்திறன் மேம்பட்டது’ என்பது. இது நன்னூலார் பழித்த பத்துக் குற்றங்களில் முதலாவதான குன்றக்கூறல். களன் கிட்ஹப். காரணம், பெரும்பாலும் ஆசிரியருக்கு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் இருந்தது.

கேட்போர் விஷயத்தில்தான் சித்தூர் பெரிய உண்மையைத் தருகிறது. கேரள அரசுப் பள்ளிகளில் கணினிகள் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கி 2017இல் கைட் என்ற நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிக்கென்று தொகுத்த இயங்குதளத்தை அது தருகிறது. பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கிலும் வருகின்றன. ஆக எருத்தேம்பதிப் பக்கத்துத் தமிழ்வழி மாணவி ஜியோஜீப்ராவில் முக்கோணம் வரைகிறாள். அதன் புதுப்பதிப்பு எப்போது வந்தது, அறிவிப்பில் எத்தனை ராக்கெட் படம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வேண்டியது லேபில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. துணைநிரல் யாருக்காகவோ அவர் அறிவிப்பைப் படிப்பதில்லை. படிப்பவர் யார் என்றால், அடுத்த வாரம் தம் துணைநிரலை அறிவிக்கப் போகிறவர். அவர் படிப்பதும் நம்முடையதை நிறுவ அன்று, தம்முடையதில் எத்தனை வியப்புக்குறி போடலாம் என்று கணக்கெடுக்க. இந்த முடிவை எட்டியபோது சற்றே சோர்வு ஏற்பட்டது. ஆய்வு நேர்மை கருதி அதைப் பதிந்தோம்.

பயன்: அறிவிப்பு வாக்களித்ததை உரிமம் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. மேலே ‘இனி உங்கள் வேலை எளிது’ என்றிருக்கும். உரிமப் பத்திரத்தில் எவ்வித உத்தரவாதமும் கிடையாது என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கும். குனு பொது உரிமம், எம்ஐடி உரிமம் இரண்டுக்கும் இதுவே வழக்கம். தமிழில் பெரிய எழுத்து இல்லாமையால் இந்த மறுப்பை நம்மால் மெதுவாக மட்டுமே சொல்ல முடியும்.

இவ்வளவு பொருந்தினாலும் ஓரிடத்தில் மரபு முறிகிறது. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதக்கூடாது. அவன் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுந்த உரைகாரன் ஆகியோரில் ஒருவர் எழுத வேண்டும். துணைநிரல் உலகில் அறிவிப்பைத் தாமே எழுதிக்கொள்கிறார்கள். இது தற்புகழ்ச்சி அன்றோ எனின், பவணந்தி அதற்கும் நான்கு விலக்கு வைத்திருக்கிறார். அரசவைக்கு ஓலை போக்கும்போது தன்னைப் புகழலாம். 2005 முதல் கூகிள் சம்மர் ஆஃப் கோடுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இவ்விதியின் கீழ் வருவர். தன் ஆற்றல் அறியாதாரிடையே புகழலாம். லிங்க்ட்இன் இதற்கென்றே ஏற்பட்டது. அவையில் வெல்ல வேண்டிய வேளையில் புகழலாம். ‘முந்தையதைவிட மூன்று மடங்கு வேகம்’ என்பது இவ்வகை. எதிரி பழித்தபோது புகழலாம். அறிவிப்பின் கீழே முதல் மறுமொழி வந்த கணத்திலிருந்து இது தானாக அமலுக்கு வரும்.

இதற்கு நேர்மாறான அவையடக்க மரபும் உண்டு. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் இலவச இயங்குதளம் ஒன்று செய்து வருவதாகவும், அது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வளராது என்றும் அறிவித்தார். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அத்தனையிலும் ஓடுவது லினக்ஸ்தான். கம்பருக்குப் பிறகு இவ்வளவு வெற்றிகரமான அவையடக்கம் செய்யப்படவில்லை. அதே டோர்வால்ட்ஸ் 1999 ஜனவரியில் லினக்ஸ் 2.2.0ஐ வெளியிட்டார். ஒருசில நாளிலேயே 2.2.1 வெளிவந்தது. அதற்கு அமைந்த பெயர் காகிதப்பை வெளியீடு; தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே நடமாட வேண்டிய பிழை திருத்தப்பட்டது என்று பொருள். நம் பார்வையில் அறிவிப்பு இலக்கியத்தின் உச்சம் அதுவே. புகழ்ச்சியும் இல்லை, குன்றக்கூறலும் இல்லை.

எஞ்சியிருப்பது, பிறர் எழுதும் மெய்யான பாயிரம் எங்கே என்ற வினா. அது அறிவிப்பில் இல்லை, பிழை முறையீட்டில் இருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. தமிழ்–மலையாளம் இரண்டும் தட்ட ஒரு துணைநிரல் வெளியாகிறது, ராக்கெட்டும் வாழ்த்தும் தூள் பறக்கின்றன என்று கொள்வோம். மூன்றாம் நாள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: “ஏனுங்க, புது வெர்ஷன் போட்டதுல இருந்து மலையாளத்துல அடிக்கிற மாதிரி இசட், எச் அடிச்சா தமிழ்ல ழ்ஹ்-னு வருதுங்க. போன வெர்ஷன்ல சரியா இருந்துச்சு. எங்க பாப்பா பரீட்சைக்குக் கட்டுரை டைப் பண்றா, பாத்துக் குடுங்க.” எல்லை இதில் இருக்கிறது, காலம் இருக்கிறது, கேட்போர் இருக்கிறார், பயன் இருக்கிறது. தகும் உரைகாரன் கிடைத்தேவிட்டான்.

முறையீட்டின் நிலை: மூடப்பட்டது. காரணம்: வடிவமைத்தபடியே இயங்குகிறது.