பன்னிக்கறிக்கு ஜெர்மன் பேரு

ஏலே, இங்க வா. கையில என்னல, சாமான் பட்டியலா? காட்டு பாப்போம். ‘ஷ்வைனப்ராட்டன்’. பேரைச் சொல்லவே பல்லு சுளுக்குதேய்யா! ஓவனு, கறியில குத்துத வெப்பமானி, கறுப்பு பீரு. இம்புட்டும் வந்தாத்தான் அடுப்பு பத்துமோ?

அது என்ன சாப்பாடு தெரியுமால? பவேரியாவுல குடியானவன் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து திங்குத கறி. பன்னியோட முன்தொடை, உப்பு, வெங்காயம், சீமைச்சோம்பு. தொட்டுக்கிட புளிச்ச முட்டைக்கோசும் உருளைக்கிழங்கு உருண்டையும். மிளகா வத்தல் கூடக் கிடையாது. போன சுடலைமாடன் கொடையில பன்னி பலி போட்டப்ப நீ என்ன செஞ்ச? மூக்கைப் பொத்திக்கிட்டு பைக்க முறுக்கி வண்ணார்பேட்டைக்குப் போயி பரோட்டா தின்ன. இப்ப அதே பன்னி ஜெர்மன் பேரு வச்சுக்கிட்டு வந்ததும் எச்சி ஊறுதோ?

ஜெர்மன்காரன நாம காணாதவமா? ஜெர்மன் பாதிரி ரேனியஸ் ஐயரு 1820ல பாளையங்கோட்டைக்கு வந்தாரு. தமிழ் படிச்சு இலக்கணமே எழுதுனாரு. 1838ல செத்து இந்த மண்ணுலயே அடக்கம். டோனாவூரு இருக்குல்லா, டோனாங்குத ஜெர்மன் பிரபு குடுத்த துட்டுல அவரு 1827ல உண்டாக்குன ஊருதான். அவருக்கு எந்தக் கரண்டு அடுப்பு இருந்து?

சொல்லுதேன், கேளு. கனத்த இரும்புச் சட்டி போதும். நம்ம பக்கம் கிறிஸ்மஸ் கேக்கையே சட்டிக்கு அடியிலயும் மூடி மேலயும் தணலு போட்டுத்தான் சுட்டாவ. கறிய தோலோட வாங்கு. தோல கட்டம் கட்டமாக் கீறு. கத்தி கொழுப்போட நிக்கணும், கறியில இறங்கப்படாது. இறங்குச்சோ, சாறு மேல ஏறி தோலு நனைஞ்சு சவசவன்னு ஆயிரும். உப்ப நல்லா தேச்சு, தோலு மேல இருக்கும்படி வெங்காயத்துல உக்கார வையி. அடியில கொஞ்சம் தண்ணி. எண்ணெ ஊத்தாதல, பன்னி அதையும் சேத்தே கொண்டாந்திருக்கு. ரெண்டரை மணி நேரம் சின்னத் தீ. கடைசியில மூடி மேல தணல அள்ளிப் போடு. தோலு படபடன்னு பொரியும். சீமைச்சோம்பு அகப்படலியா? சீரகத்தப் போடு. ஜெர்மன்காரன் போலீசுல எழுதிக் குடுக்க மாட்டான்.

கோசுக்கு வினிகரு ஊத்துனா அது ஏமாத்து. ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்பு. மெல்லிசா அரிஞ்சு, தண்ணி விடுத வரைக்கும் பிசைஞ்சு, ஜாடியில அமுக்கி மேல கல்ல வையி. அது விட்ட தண்ணியிலயே முங்கிக் கிடக்கணும். பழைய சோத்தப் புளிக்க வைக்குத அதே வகைக் கிருமிதான் அங்கயும் வேலை பாக்கு. அவன் குளிருக்கு வாரக்கணக்கா ஆகும். நம்ம சித்திரை வெயிலுக்கு சட்டுனு புளிச்சிரும், தெனமும் மோந்து பாரு. பழைய சோத்த மட்டும் ‘சீ’ங்க, இல்லியா?

இன்னொண்ணு. அங்க ‘மெட்’டுன்னு பச்சைப் பன்னிக்கறிய அரைச்சு ரொட்டியில தடவித் திங்கான். அதையும் வீடியோவுல பாத்துட்டு வந்து நிக்காத. அவன் பன்னிய வெட்டுனா புழு இருக்கான்னு சோதிச்சு முத்திரை குத்துதான். இங்க வேகாததத் தின்னா நாடாப்புழு உன் வயித்துல பால் காய்ச்சிக் குடி வந்திரும். வெப்பமானிக்குத் துட்டு குடுத்துத் தொலைச்சிட்டியா? அப்ப 80க்கு மேல காட்டட்டும், இறக்கு.

சரி, சட்டிக்கு எங்க போவ? அம்மைகிட்டக் கேட்டியா? குழம்புச் சட்டியில பன்னி ஏறுச்சுன்னா உன்னையும் சட்டியோட தெருவுல வீசிருவா. பின்கட்டுல மூணு கல்லு கூட்டு. என் கறுத்த சட்டி தொழுவத்துப் பரண்ல கிடக்கு, எடுத்துக்க. வாடகை ஒண்ணும் வேண்டாம். அந்தப் பொரிஞ்ச தோலுல மட்டும் பாதி எனக்கு வந்திரணும். தாத்தாவுக்குப் பல்லு இல்லைன்னு எவன்ல சொன்னான்?