மேசையில் ஒன்று, உலையில் ஒன்று

1986இல் மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு சின்னப் பல் லாபில் வேலை பழகினேன். பல்லின் மேல் மாட்டும் உலோகக் கேப்பின் மாதிரியை முதலில் நீல மெழுகில் கட்டுவோம். ஸ்பிரிட் விளக்கில் கருவி முனையைச் சூடாக்கி, பல்லின் நகலான டையின் மேல் துளித்துளியாக மெழுகை வைத்து, கடைசியாக ஓரத்தை மட்டும் மறுபடி உருக்கி ஒட்டவைக்க வேண்டும். பிறகு அதைக் கலவைக்குள் புதைத்து, உலையில் மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்போம். 1907இல் டாகார்ட் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் உலகறியச் செய்த வார்ப்பு முறைதான் அது.

"ராவைக்கு மெழுகை நம்பி விடாத தம்பி" என்பார் மாஸ்டர். நான் ஒருமுறை நம்பினேன். முத்துமாரியம்மன் கோவிலில் மாசி மகத் திருவிழா நாள். டையிலிருந்து கழற்றிய மாதிரியை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். மறுநாள்தான் இன்வெஸ்ட்மென்ட் கலவைக்குள் வைத்து, நிக்கல் குரோமியத்தில் வார்த்தேன். கேப் பளபளத்தது. டையில் வைத்தால் ஆடியது. ஓரத்தில் எக்ஸ்புளோரர் என்ற கூர்க்கருவியின் முனை புகுந்தது. சூட்டோடு வளைத்த மெழுகுக்குள் ஒரு இறுக்கம் தங்கியிருக்கும். நேரம் கிடைத்தால் அது தளர்ந்து, உருவம் கோணிவிடும். அந்தக் கேப்புக்குக் காத்திருந்த, வெற்றிலை போடும் ஆச்சி எல்கடுவையிலிருந்து மறுபடி பஸ் ஏறி வந்தா. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

கேப்பின் ஓரத்துக்கும் பல்லுக்கும் இடையில் 120 மைக்ரோன் வரை இடைவெளி இருக்கலாம் என்று 1971இல் மெக்லீன், ஃபோன் ஃப்ரான்ஹோஃபர் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தாண்டினால் சிமெந்து கரையும், உள்ளே பல் சொத்தையாகும்.

இன்று டையை ஸ்கேன் செய்து, மெழுகுக்குப் பதிலாக மாதிரியைப் பிசினில் அச்சிட்டு எடுக்கிறோம். மேசையில் அது நல்ல பிள்ளை. கிடந்தாலும் மெழுகைப்போல் கோணாது. உலையில்தான் குணம் மாறும். மெழுகு உருகி ஓடிவிடும். பிசின் உருகாது, எரியுமுன் பருத்து, சுற்றியுள்ள கலவை அச்சையே வெடிக்க வைக்கும். மிச்சச் சாம்பல் வார்ப்பைச் சொரசொரப்பாக்கும். அதனால் சூட்டை மெல்ல மெல்ல ஏற்றுகிறேன். உலை முன்னால் மெழுகின் அருமை தெரிகிறது.

"இதுக்கு அவசரமில்லையே அங்கிள், நாளைக்கு வைப்பம்" என்கிறாள் வேலை பழகும் பிள்ளை. அவள் சொல்வது சரிதான். ஆனாலும் மாதிரியைக் கலவைக்குள் வைத்த பிறகுதான் கதவைப் பூட்டுகிறேன்.