வாடையால் வந்த வாடை: ஜொகூர்த் துணிகள் குறித்து ஒரு சிற்றாராய்ச்சி

ஆராய்ச்சியைச் சொல்லில் தொடங்குவது மரபு. இந்த முறை மரபு வீண்போகவில்லை. ‘வாடை’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்: வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று ஒன்று, மூக்கைச் சுளிக்க வைக்கும் மணம் இன்னொன்று. நக்கீரர் முதல் பொருளோடு நின்றுகொண்டார். ‘நெடுநல்வாடை’யில் பிரிந்திருக்கும் தலைவியின் துயரத்தைச் சொன்னவர், அந்த அடைமழையில் அரண்மனைத் துணிகள் எங்கே காய்ந்தன என்று சொல்லாமல் விட்டது இலக்கியத்துக்கு லாபம், நமக்கு நட்டம். அகராதிகளோ இரண்டு பொருளையும் அடுத்தடுத்து உட்கார வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஒரு டிசம்பரை ஜொகூரில் கழித்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து மெர்சிங் பக்கம் கரையேறுகிறது. ஏறிய மூன்றாம் நாள் மாசாயில் துவைத்துப் போட்ட சட்டையிலிருந்து இரண்டாவது வாடை கிளம்புகிறது. காரணத்தின் பெயர் காரியத்துக்கு ஆகி வந்ததால் இது கருவியாகுபெயர் என்க. மொழியியலாளர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் ஜொகூரில் துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு மேலே செல்லலாம். மலாய்க்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. இந்த ஒரு நாற்றத்துக்கென்றே ‘ஹாப்பாக்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளுக்குத் தனிச்சொல் பிறக்கிறதென்றால் அது அந்த ஊரில் எவ்வளவு புழங்குகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இக்கட்டுரை நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்று. துணியின் வாடைக்கும் அதன் அழுக்குக்கும் உள்ள உறவு தூரத்து உறவு. ஈரமாகக் கிடந்த நேரத்தோடு உள்ள உறவோ இரத்த உறவு. துவைத்து முடித்த கணத்திலிருந்து முழுதாக உலரும் கணம் வரை எத்தனை மணி என்பதைத்தான் மூக்கு படிக்கிறது. இதற்கு வலுவான சான்று ஜப்பானிலிருந்து கிடைக்கிறது. அங்கே காவோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, துவைத்த துணியில் வரும் ஈரக்கந்தை நாற்றத்துக்கு 4-மெத்தில்-3-ஹெக்சினாயிக் அமிலம் என்ற பொருளையும், அதைச் சுரக்கும் மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவையும் அடையாளம் காட்டியது. துவைத்த பிறகும் நூலிழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் அதற்குச் சாப்பாடு. சாப்பாடு துளிதான், ஆனால் சாப்பிடுவதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை பந்தி நடக்கும். இதுதான் கொடி வாடை. அலமாரிக்குள் பிறக்கும் வாடை வேறு சாதி. அது பூஞ்சையின் கைவேலை, அதைப் பிறகு பார்ப்போம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியபோது துணிமணிகளில் ஏறிய சேற்று வாடையை இந்த ஆய்வு தொடவில்லை. அதை வேடிக்கைப் பொருளாக்க எவருக்கும் உரிமை கிடையாது.

வெயிலில் போட்டால் தீர்ந்துபோகாதா எனின், தீராது. அந்த மொராக்செல்லா உலர்ச்சியையும் புற ஊதாக் கதிரையும் நன்றாகவே தாங்கும் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. வெயில் அதைக் கொல்வதில்லை, பட்டினி போட்டுத் தூங்க வைக்கிறது. தேங்காய்ப்பூத் துவாலை ஒன்றை எடுத்து நோக்குக. கொடியிலிருந்து மொடமொடவென்று எடுத்தபோது அதில் ஒரு குறையும் தெரியாது. முகம் கழுவித் துடைத்த அரை நிமிடத்தில் பழைய தரைத்துணியின் வாடை மூக்கில் ஏறும். தூங்கியது தண்ணீர் பட்டு எழுந்துகொண்டது. கொடியில் இரண்டாக மடித்துப் போட்ட துவாலையில், கொடியின்மேல் அமர்ந்த அந்த நான்கு விரல் பட்டையிலும், இரட்டையாக மடித்துத் தைத்த ஓரத்திலும் மட்டும் வாடை கூடுதலாக இருப்பதை எவரும் முகர்ந்து சரிபார்க்கலாம். ஒரே சோப்பு, ஒரே தண்ணீர், ஒரே வெயில். வேறுபட்டது உலர எடுத்த நேரம் மட்டுமே. ஜீன்ஸ் காற்சட்டையின் இடுப்புப் பட்டையும் சட்டையின் அக்குள் மடிப்பும் இதே சாட்சியத்தைச் சொல்லும்.

ஜொகூரில் அந்த நேரம் எங்கே தொலைகிறது என்பதற்கு வரலாற்றுக் காரணங்களும் உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகையில் இருக்கும் ஜொகூர் பாருவுக்கு வெயில் பஞ்சம் வரக்கூடாது. ஆனால் 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. சூரியன் அந்த ஏற்பாட்டுக்கு உடன்படாததால் இன்றும் ஏழு மணி வாக்கில்தான் எட்டிப் பார்க்கிறது. காஸ்வேயைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் நாலரைக்கும் ஐந்துக்கும் இருட்டிலே கிளம்பி இருட்டிலே திரும்புகிறார்கள். ஆகவே இரவு பத்து மணிக்கு இயந்திரம் ஓடுகிறது, பதினொன்றுக்குத் துணி தாழ்வாரத்துக்குப் போகிறது, விடியும்வரை அங்கே பந்தி நடக்கிறது. பகலில் வெளியே தள்ளிவைக்க ஆள் இல்லை. பிற்பகல் மூன்று மணி இடிமழைக்கு உள்ளே இழுக்கவும் ஆள் இல்லை. வார விடுமுறையில் துவைத்தால் என்ன எனின், அந்தச் சோதனையை அரசாங்கமே நமக்காக நடத்திப் பார்த்துவிட்டது. ஜொகூரின் வார விடுமுறை 2014 ஜனவரி 1 முதல் வெள்ளி, சனிக்கு மாறியது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கே வந்தது. பதினொரு ஆண்டுகள் ஒரு மாநிலமே துவைக்கும் நாளை மாற்றிப் பார்த்தும் துவாலைகள் திருந்தவில்லை. இவ்வளவு பெரிய சோதனை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கட்டுப்படியாகாது.

இனி நறுமணக் கட்சியார். அவர்களுக்குள் மூன்று பிரிவு. முதல் பிரிவு துணி மென்மையாக்கி ஊற்றுகிறது. அது நூலிழைமேல் வழவழப்பான ஒரு படலம் போர்த்தித் துவாலையின் உறிஞ்சும் குணத்தைக் குறைக்கிறது. லாவெண்டரும் கந்தையும் கலந்த மூன்றாவதொரு வாடையை உண்டாக்கியதுதான் கண்ட பலன். இரண்டாம் பிரிவு சாம்பிராணி போடுகிறது. இவர்கள்மேல் நமக்கு மரியாதை உண்டு. சாம்பிராணி மரம் நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமாத்திராவில் வளர்வது, அதன் பிசினில் உள்ள பென்சாயிக் அமிலம் பூஞ்சையைத் தடுக்க உணவில்கூடச் சேர்க்கப்படுவது. ஆனால் புகையாகத் துணிக்கு வந்து சேரும் அளவு சாமிக்குப் போதும், பூஞ்சைக்குப் போதாது. மூன்றாம் பிரிவு பாச்சை உருண்டைக்காரர்கள். உருண்டை அந்துப்பூச்சிக்கு ஏற்பட்டது. வாடையைப் பொறுத்தவரை அது செய்வதெல்லாம் இன்னும் உரக்கக் கத்துவதுதான். இவர்களிடம் மட்டும் வேடிக்கையை நிறுத்திவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது. மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு ஜி6பிடி குறைபாட்டுச் சோதனை செய்கிறார்கள். குறைபாடுள்ள குழந்தைக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும். மூத்த பிள்ளையின் சட்டையை உருண்டையோடு மூட்டை கட்டி வைத்து இளையதற்கு எடுத்துப் போடும் சிக்கனம் சில வீடுகளில் ஆபத்து.

நம்மவர்களில் இந்தச் சிக்கலை உண்மையிலேயே தீர்த்தவர் வண்ணார். உவர்மண் கரைசலில் துணியை முக்கி, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவிட்டபோது காரமும் கொதியும் சேர்ந்து மொராக்செல்லாவின் பரம்பரையையே முடித்துவிட்டன. அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இருக்கவில்லை. இந்தியச் சலவைக்காரர்கள் சிங்கப்பூர்வரை கொண்டுவந்த தொழிலின் நினைவாக டோபி காட் என்ற இடப்பெயர் எஞ்சி, இன்று ரயில் நிலையமாக நிற்கிறது. மலாய் மொழியில் எல்லாச் சலவைக் கடையும் டோபிதான். பிறகு வீட்டுக்கு வீடு இயந்திரம் வந்தது, குழாய்த் தண்ணீரிலேயே ஓடியது, வெள்ளாவி போனது, வாடை வந்தது. அப்படியானால் மூலைக்கு மூலை இருக்கும் தானியங்கி டோபியில் சில வெள்ளி போட்டு உலர்த்திக்கொண்டால் போகிறதே எனின், தாராளமாகப் போகலாம்; அது நம் கொள்கைக்குத் தடை ஆகாது, உரை ஆகும். பத்து மணி நேரத்தை அரை மணியாகச் சுருக்கிச் சில்லறைக்கு விற்கும் கடை அது. வீட்டிலேயே செய்வதானால், துவாலைகளை மாதம் இருமுறை 60 பாகை வெந்நீரில் ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூளோடு ஊறவைப்பதும், துணிக்குத் துணி ஒரு சாண் விட்டு மின்விசிறிக்கு முன் காயப்போடுவதும், சோப்புத்தூளைப் பாதியாகக் குறைப்பதும், இயந்திரத்தின் மூடியைத் திறந்தே வைப்பதும் போதும்.

அலமாரி வாடைக்கு வருவோம். காய்ந்த துணி என்று ஒன்று கிடையாது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடும் பட்டு 11 விழுக்காடும் தண்ணீர் வைத்திருக்கும், பாலியெஸ்டருக்கு 0.4-தான். 600 கிராம் பட்டுச் சேலையில் நான்கு மேசைக்கரண்டித் தண்ணீர் எப்போதும் குடியிருக்கிறது என்று பொருள். ஜொகூரின் காற்றோ 65-இல் நிற்பதில்லை, 80-ஐச் சாதாரணமாகத் தாண்டுகிறது. தீபாவளிக்கு ஒருமுறை கட்டிச் சுவரோர அலமாரியில் பூட்டிய சேலையைத் தைப்பூசத்துக்கு வெளியே எடுக்கும்போது பூஞ்சை அதைத் தனக்கென்று பத்திரம் செய்துகொண்டிருக்கும். பட்டை வெந்நீரில் போட முடியாது. காற்றோட்டமான நிழலில் மாதம் ஒருமுறை விரித்து மடிப்பை மாற்றுவதுதான் வழி; அடிக்கடி உடுத்திக்கொள்வது இன்னும் நல்ல வழி, கணவன்மார் கவலைப்பட வேண்டாம், செலவு புதிதாக எடுப்பதில்தான்.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் கடினமானது: “எங்கள் துணியில் வாடையே இல்லையே.” இதை வாதத்தால் வெல்ல முடியாது. ஒரே மணத்தில் சிறிது நேரம் இருந்தாலே மூக்கு அதைப் பதிவதை நிறுத்திக்கொள்ளும். அதிலேயே வாழ்பவர் தம் சட்டைக்குத் தாமே நீதிபதியாக இருக்க இயலாது. வெளித்தேர்வாளர் வேண்டும். லார்க்கினிலிருந்து குவீன் ஸ்திரீட்டுக்குப் போகும் 170-ஆம் எண் பேருந்தில் மழைநாள் காலையில் ஏறி அமரவும். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் ஒருவர் சோதனைச்சாவடி வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வருகிறாரா என்று கவனிக்கவும்.