எட்டடிக்கு ஒரு பட்டம்

வா அம்மாடி, திண்ணையில உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம், கோழி எச்சம் கெடக்கு. அக்ரி படிக்கிற புள்ளைக்கு எச்சம் ஒண்ணும் புதுசில்லதான். சுடிதார் புதுசாட்டம் தெரியுதே, அதுக்காகச் சொன்னேன்.

கையில என்ன தாளு? "வேளாண் பட்டதாரியிடம் இருக்க வேண்டிய பண்புகள்." படி, கேப்போம். விமர்சனச் சிந்தனை, தகவல் தொடர்புத் திறன், குழுவாச் செயல்படுறது, தலைமைப் பண்பு, தொழில் நெறி, வாழ்நாள் பூரா கத்துக்கிறது... அடேயப்பா! எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட நான் இவ்வளவு கேக்கல. நெலம் எத்தனை மா, குடிப்பாரா, ரெண்டே கேள்வி. ரெண்டுக்கும் பொய்தான் சொன்னாங்க, அது வேற கதை.

கோவிச்சுக்காத. வருஷா வருஷம் ஒரு செட்டு எங்க ஊருக்கு வருது. கடைசி வருஷம் கிராமத்துல தங்கி அனுபவப்படணும்னு உங்க பாடத்திட்டம். 2015-ல இதுக்கெல்லாம் சேர்த்து 'ஸ்டூடன்ட் ரெடி'ன்னு பேரு வச்சாங்க. நல்ல பேருதான். மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12 வந்தா நீங்களும் ரெடி, நாங்களும் ரெடி, தண்ணிதான் பல வருஷம் ரெடியாகுறதில்ல.

ஒரு செட்டு வந்து மாரியம்மன் கோயில் வாசல்ல கோலப்பொடியால ஊர் படம் போட்டுது. வாய்க்கால் நீலம், வயல் பச்சை, வீடு செவப்பு. நெசமான வாய்க்கால்ல தவளைகூட இல்ல, கோலத்து வாய்க்கால் கரைபுரண்டு ஓடுது. எம் பங்காளி வந்து குனிஞ்சு பார்த்தான். பொதுவரப்பு அவன் பக்கமா ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்குன்னு பிடிச்சுக்கிட்டான் சண்டையை. பொடியில போட்ட வரப்புக்குப் பஞ்சாயத்து கூடின ஊரு எங்க ஊருதான். தீர்த்து வச்சது யாருங்கிறே? ஒரு பசு மாடு. நடுவால நடந்து போயி எல்லா எல்லையையும் அழிச்சிட்டுது. அதுக்கு எந்தக் காலேஜும் பட்டம் தரல.

சரி, நீ உரக் கணக்கு சொல்லு. ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்தா? ஹெக்டேர்னா 247 சென்ட். எங்களுக்கு 33 சென்ட் ஒரு மா. வகுத்துப் பாரு, ஏழரை வருதா? ஏழரையைச் சனி பகவானே எனக்கு நடத்திக்கிட்டிருக்காரு, நீ வேற எதுக்குக் கொண்டு வர்றே? இன்னும் போடு கணக்கை. யூரியாவுல நூத்துக்கு 46 பங்குதான் தழைச்சத்து. அப்ப 326 கிலோ யூரியா. ஏழரையால வகுத்தா மாவுக்கு 43 கிலோ சொச்சம். மூட்டை எத்தனை கிலோ? 45. பார்த்தியா, "மாவுக்கு ஒரு மூட்டை தாத்தா, ஒரேயடியாக் கொட்டாம நாலாப் பிரிச்சுப் போடுங்க, டி.ஏ.பி. போட்டா அதுல இருக்கிற தழைச்சத்தைக் கழிச்சுக்குங்க"ன்னு சொன்னா முடிஞ்சுது. ஒரு பீடி பத்த வைக்கிற நேரம்கூட ஆகாது. உங்க தகவல் தொடர்புத் திறன் இவ்வளவுதான். ஹெக்டேரை வரப்புல விட்டுட்டு மாவோட உள்ள வரணும்.

அந்த மூட்டை முன்னே 50 கிலோ இருந்துது, தெரியுமா? 2018-ல 45 ஆக்கினாங்க. எங்க ஆளுங்க கிலோ பார்க்க மாட்டானுங்க, மூட்டைய எண்ணித்தான் போடுவானுங்க, மூட்டை மெலிஞ்சா யூரியாவும் தன்னால குறையும்னு ஒரு கணக்கு. இந்த யோசனை எவன் மண்டையில உதிச்சுதோ, அவன்தான் எங்களை ஒழுங்காப் படிச்சவன். அவனுக்கு முதல் வகுப்பு குடுக்கலாம்.

அடுத்து நீ கொண்டாந்த கேள்வித்தாள். "மாவுக்கு எத்தனை மூட்டை நெல்லு கண்டுச்சு?"ன்னு மொதல் பக்கத்துலயே கேக்குறே. வந்தவளுக்கு மோர் குடுக்கிறதுக்கு முன்னால வயசு கேக்குற மாதிரி இருக்கு. சம்பந்தி கேட்டா பத்து. பயிர் இன்சூரன்ஸ்காரர் கேட்டா நாலு. பாங்குல கடன் கேக்கப் போனா எட்டு, கடனைக் கட்டச் சொன்னா மூணு. டீக்கடையில அடுத்தவன் எத்தனை சொல்றானோ அதுக்கு மேல ஒண்ணு. நீ எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியாம நான் எதைச் சொல்ல? போன வருஷம் ஒருத்தனுக்கு ஆறுன்னு சொல்லி வச்சேன். அதை எழுதி, கூட்டி, சராசரி எடுத்து, கலர் கலராப் படம் போட்டு ஒப்பிச்சிருக்கான். நல்லாத்தான் இருந்துது படம்.

தலைமை, குழு இதுக்கெல்லாம் ரொம்பப் படிக்க வேண்டாம். நடவாளுங்களோட ஒரு காலை நேரம் முழங்கால் சேத்துல நின்னு பாரு, போதும்.

விமர்சனச் சிந்தனைதான் எனக்குக் கொஞ்சம் வலிக்கிற இடம். மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு பையன் வந்தான். நல்ல பையன், ஷூ போட்டிருந்தான். எங்க வயல்ல அங்கங்க பயிர் வெளிறிக் கெடந்துது. வரப்புல நின்னபடியே எட்டி ஒரு இலையை இழுத்து, இலை வண்ண அட்டையை அதும்மேல வச்சான். உச்சி வெயில். வெயில்ல வச்சா எல்லாம் வெளிறித்தான் தெரியும். காலையில, நம்ம உடம்பு நிழல்ல வச்சு, ஒண்ணுக்குப் பத்து இலை பார்க்கணும். வெள்ளைப் பொன்னி நெல்லுக்கு அட்டையில மூணாம் பச்சை போதும், மத்த ரகத்துக்கு நாலு. அவன் ஒரே இலையில முடிச்சுட்டான். "தழைச்சத்துக் குறைபாடு, யூரியா போடுங்க"ன்னான். எனக்கு யூரியான்னா ஏற்கெனவே கொள்ளை ஆசை. டாக்டரே அல்வா சாப்பிடச் சொன்ன மாதிரி ஆச்சு. அன்னிக்குச் சாயங்காலமே போட்டேன்.

பத்து நாள்ல வட்டம் வட்டமாக் காஞ்சுது, நெருப்பு வச்ச மாதிரி. புகையான். அது இலையில உக்காராது அம்மாடி, தூர்ல, தண்ணிக்கு மேல ஒளிஞ்சு உக்காந்து சாறு குடிக்கும். தழைச்சத்து ஏற ஏற அதுக்குக் கொண்டாட்டம். ஷூவைக் கழட்டி உள்ள எறங்கி, நாலு தூரை விலக்கிப் பார்த்திருந்தா அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கும் தெரிஞ்சிருக்கும்னு வையி. நானும் வரப்புலதானே நின்னேன்.

அடுத்த வருஷம் ஒரு பொண்ணு. வந்ததும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்கிட்டா. தூரைத் தட்டினா, தண்ணியில குஞ்சும் பூச்சியுமாக் கொட்டுது. "என்ன மருந்து அடிக்கலாம்?"னேன். "மொதல்ல தண்ணியை வடிங்க, யூரியாவை நிறுத்துங்க. மருந்தைப் பத்தி எனக்கு முழுசாத் தெரியல, கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் தாத்தா"ன்னா. படிச்சவங்கள்ல தெரியலன்னு சொன்ன மொதப் புள்ளை அதுதான். மறுநாள் வந்தும் சொன்னா, அதுதான் அதைவிட அதிசயம். அடுத்த நடவுல எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடச் சொன்னா, காத்தும் வெளிச்சமும் தூருக்குப் போகட்டும்னு. நாலு வருஷத்துக்கு ஒரு பட்டம் உங்களுக்கு, எட்டடிக்கு ஒரு பட்டம் எனக்கு. என் பட்டத்துல நடந்து போயி களை பறிக்கலாம். உங்க பட்டத்துல என்ன பண்றீங்க?

சொல்றேன், பாங்குல போயி உக்கார்றீங்க. எங்க ஒண்ணுவிட்ட பேரன் அக்ரி படிச்சுட்டு இப்ப நகைக்கடன் எடை போடுறான். மண்ணை எடை போடக் கத்துக்கிட்டவன், பொன்னை எடை போடுறான், முன்னேற்றந்தானே. மிச்சப் பேரு ஐஏஎஸ், ஐபிஎஸ்னு ஓடுறாங்க. நம்ம கும்பகோணத்துல 1925-ல பொறந்த சுவாமிநாதன் கோயம்புத்தூர்ல விவசாயம் படிச்சவரு. ஐபிஎஸ் தேறினவரு அதை விட்டுட்டு உருளைக்கிழங்கு ஆராய்ச்சி பண்ண நெதர்லாந்துக்குப் போனாரு. இளங்காட்டு நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல அதே விவசாயப் பட்டம் வாங்கி, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில வேலை பார்த்து, அதை உதறிட்டு எறங்கினாரு. ஒருத்தர் புது விதையும் உரமும் கொண்டாந்தாரு, இன்னொருத்தர் ரசாயன உரமே வேண்டாம்னு ஊர் ஊரா நடந்தாரு. ஒரே படிப்பு, ரெண்டும் எதிர் எதிர்த் திசை. உன் தாள்ல எந்தக் கட்டத்துல டிக் அடிச்சா இவங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள அடங்குவாங்கன்னு உங்க வாத்தியாரைக் கேட்டுச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.

என்ன, நான் கையெழுத்துப் போடணுமா? "மாணவி விவசாயியின் எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தாரா, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள." அஞ்சு போடுறேன், எடு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டாலும் அஞ்சுதான் சொல்வேன்.

எங்க கெளம்பிட்டே? செருப்பை இங்கயே விட்டுட்டு வா, மேற்கால வயல்ல நாலு தூர் மஞ்சளாத் தெரியுது. ஆங், எத்தனை மூட்டை கண்டுச்சுன்னு கேட்டியே... பேனாவை மூடி வையி, போற வழியில சொல்றேன்.