காலிக்கோட்டைச் சேவல்

இலங்கையின் காலிக் கோட்டையில் பழைய வாசலுக்குள் நுழைந்து, திரும்பி அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு கற்சேவல் தெரியும். அதன் கீழே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பின்னிய எழுத்துகள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிங்கங்கள், 1669 என்ற ஆண்டு. கறுவாப்பட்டை விற்ற கம்பெனிக்குச் சிங்கம் எதற்கு என்று கேட்கக் கூடாது. கல்லாவில் உட்காருகிறவருக்கும் மீசை பிடிக்கும். சேவல் எதற்கு என்று கேட்கலாம்.

1505இல் மாலைதீவுப் பக்கம் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களை மடக்கப் போன போர்த்துக்கேயர் லொரன்சோ டி அல்மெய்தாவைக் காற்று இலங்கைக் கரைக்குத் தள்ளிவிட்டது. இறங்கிய நேரம் பார்த்துச் சேவல் கூவியதாம். போர்த்துக்கேய மொழியில் சேவல் ‘காலோ’. ஊர்ப் பெயரோ காலி. போதாதா? ஊரே சேவலூர் என்று முடிவாகிவிட்டது. அதற்கு 160 வருடம் முன்பே வந்துபோன பயணி இப்னு பதூதாவும் காலி என்றுதான் எழுதிவைத்திருக்கிறார். பின்னால் கூவப்போகும் சேவல் அந்த மனுஷருக்கு எப்படிக் கேட்டதோ! மாட்டுத்தொழுவத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பாரும் உண்டு. ஆனால் வாசல்மேல் மாட்டைச் செதுக்கினால் எந்தச் சிப்பாய் சல்யூட் அடிப்பான்?

தமிழ்க் காதுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. காலி என்றால் காலி. ஊர் தன் பெயரிலேயே சொல்லிவைத்திருந்தும் வந்தவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

போர்த்துக்கேயரை விரட்டக் கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். போர்ச் செலவைக் கறுவாவாகத் தருவதாகப் பேச்சு. 1640 மார்ச்சில் காலி விழுந்தது. “கோட்டை எங்கே?” என்றான் மன்னன். “கணக்கு தீரட்டும்” என்றார்கள் இவர்கள். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அந்தக் கணக்கு தீரவில்லை. கோட்டையைப் பிடித்த தளபதி வில்லெம் கோஸ்டரின் கணக்கு மட்டும் அதே வருடம் தீர்ந்தது. கண்டிக்குப் போய் மன்னனோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பும் வழியில், துணைக்கு வந்த காவலர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கினாற்போல என்று சிங்களவர்கள் இன்றும் சொல்வது போர்த்துக்கேயர் போய் ஒல்லாந்தர் வந்த இந்த ஆள்மாற்றத்தைத்தான். இத்தனைக்கும் பிறகு ஒல்லாந்தர் வாசல் கட்டி, உச்சியில் யாரை ஏற்றினார்கள்? தாங்கள் துரத்தியவர்களின் காதுக் கோளாறை!

1795இல் பிரெஞ்சுப் படைக்குப் பயந்து இங்கிலாந்துக்கு ஓடிய ஒல்லாந்தரின் ஆரஞ்சு இளவரசர், கியூ என்ற இடத்தில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்: நம் கோட்டைகளை ஆங்கிலேயரிடம் ஒப்படையுங்கள். சொந்த வீட்டில் இருக்க முடியாதவர் அடுத்தவர் மண்ணின் சாவியைத் தூக்கிக் கொடுக்கிறார். மறுவருடம் பெப்ரவரியில் கொழும்பு விழுந்தது. அடுத்த வாரமே, சண்டை சச்சரவு இல்லாமல், காலியும் காலி.

ஆங்கிலேயர் சேவலை உடைக்கவில்லை. மாமனார் படத்தை உள்ளறைக்கு அனுப்புகிற மருமகனின் நாகரிகம் அது. உள்பக்கத்தைச் சேவலுக்கு விட்டுவிட்டு, தெருவில் போகிறவன் பார்க்கிற வெளிப்பக்கத்தில் தங்கள் அரச சின்னத்தை வைத்தார்கள்: ஒரு சிங்கம், ஓர் ஒற்றைக்கொம்புக் குதிரை. ஆக, காட்டில் சிங்கமே இல்லாத தீவில் ஒரே வாசலுக்கு மூன்று சிங்கம், உலகத்திலேயே இல்லாத குதிரை ஒன்று. இந்தக் கூட்டத்தில் உள்ளூர்க்காரர் என்று சொல்லத் தக்கவர் சேவல்தான். காட்டுக்கோழி இன்று இலங்கையின் தேசியப் பறவை. ஆனால் 1873இல் வேறொரு பெரிய வாசலைத் திறந்து, போக்குவரத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

இந்தக் கோட்டைக்காரர்கள் எல்லோருக்கும் முந்தி, சீனத் தளபதி செங் ஹே 1409 தேதியிட்ட ஒரு கல்லைக் கொண்டுவந்திருந்தார். சிங்கமும் இல்லை, சேவலும் இல்லை. மூன்று மொழியில் காணிக்கைப் பட்டியல். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. தங்கம், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வரிசை. அவரவர் மொழி மட்டும் படிக்கிறவருக்கு நம் சாமிக்குத்தான் எல்லாம் என்று தோன்றும். 1911இல் காலித் தெருவொன்றில் அது அகப்பட்டது. எழுத்துப் பக்கம் கீழாக, சாக்கடைப் பாலத்துக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தது.