ஃப்ரிட்ஜுக்குள் கார் சாவி

கேள்வி: சர்ச் ஆட்களே சேர்ந்து எடுக்கும் சின்னப் படத்தில் ஒலிக்குழுவுக்கு அப்படி என்ன பெரிய வேலை?

பதில்: ஜெபத்தைக் கடவுள் கேட்டுக்கொள்வார், ரசிகருக்குக் கேட்க வேண்டுமானால் பூம் மைக் பிடிப்பவர் வேண்டும்! அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆல்பனி ஊர் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையார் சுமார் 1 லட்சம் டாலரில் எடுத்த 'ஃபேசிங் தி ஜயன்ட்ஸ்' 2006-இல் வெளியானது. பெரும்பாலும் சபைத் தன்னார்வலர்களே நடித்தார்கள். இவ்வகைப் படங்களின் உயிரே முணுமுணுப்பாய் வரும் ஜெபம்தான். அழுதுகொண்டே சொன்னதை டப்பிங்கில் அப்படியே மீட்பது மகா கஷ்டம். அதனால் சட்டை உரசாமல் மைக்கை ஒட்டுவார்கள், ஃபேனை நிறுத்துவார்கள், ஃப்ரிட்ஜை அணைப்பார்கள். மறுபடி போட மறக்கக்கூடாதே? கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிக்காரர்களின் பழைய உத்தி. எனக்கு ரொம்பப் பிடித்தது, காட்சி எடுத்து முடித்ததும் வரும் கடைசி அரை நிமிடம்: அறையின் வெறும் ஓசையைப் பதிய, மொத்த யூனிட்டும் அசையாமல் நிற்கும்.